ஆங்கில வாக்கியம் நம் பள்ளிகளுக்கு வந்த வரலாறு

ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் தெரியவில்லையென்றால் அகராதியைப் புரட்டுகிறோம். சொற்களின் பொருள் யாவும் தெரிந்திருந்தும் வாக்கியம் கைகூடவில்லையென்றால் எதனைப் புரட்டுவது? தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்ற ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்வியின்முன் நின்றிருக்கிறது. கற்பித்தவர்களும் தத்தம் காலத்தில் தமக்குத் தோன்றிய விடையைச் சொல்லி வந்திருக்கின்றனர். அவ்விடைகளின் வரலாற்றைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கண்ட பிழை ஒன்று உண்டு. 'பையன் மாம்பழம் விற்றான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், 'பாய்' தெரியும், 'மேங்கோ' தெரியும், 'சோல்ட்' தெரியும். மாணவன் 'பாய் மேங்கோஸ் சோல்ட்' என்று எழுதி நிற்பான். அவனுக்கு அறிவு இல்லை என்று சொல்லிவிடுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவன் எழுதியது தமிழ் வாக்கியம்; மிகச் சரியான தமிழ் வாக்கியம். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறான், அவ்வளவே.

சொற்கள் நிற்கும் இடத்தைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நன்னூலார் பொருள்கோள் எட்டு என்று வகுத்தார். செய்யுளில் சொற்கள் முன்பின்னாகக் கிடந்தாலும் பொருளுக்கேற்ப அவற்றை எவ்வாறு கூட்டிக்கொள்வது என்பதே அப்பகுதியின் பொருள். கொண்டுகூட்டு, மொழிமாற்று, நிரனிறை என்னும் பெயர்களைப் பத்தாம் வகுப்பு மாணவனும் அறிவான். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறானேயன்றி, இது வாக்கியத்தைப் பற்றிய கல்வி என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

நமது மொழியில் இவ்வாறு சொற்களை இடம் மாற்ற முடிவது எதனால்? வேற்றுமை உருபுகளால். 'கண்ணன் இராமனை அழைத்தான்' என்றாலும், 'இராமனைக் கண்ணன் அழைத்தான்' என்றாலும் அழைத்தவன் கண்ணனே. 'ஐ' என்னும் உருபு இராமனைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அவன் வாக்கியத்தில் எங்கே போனாலும் அழைக்கப்பட்டவனாகவே இருக்கிறான். ஆங்கிலத்திலோ இருவரின் இடத்தையும் மாற்றினால் அழைத்தவனே மாறிவிடுவான். அங்கே உருபு செய்ய வேண்டிய வேலையை இடம் செய்கிறது. பழைய ஆங்கிலம் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மொழியிலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களும் ஓரளவு தாராளமாக இடம் மாறின. பின்வந்த நூற்றாண்டுகளில் விகுதிகள் உதிர்ந்தன. உதிர்ந்த அளவுக்குச் சொல்லின் இடம் இறுகியது.

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டுமே உரியதன்று. உக்ரேன் நாட்டுக்கு மருத்துவம் படிக்கச் சென்று, 2022ஆம் ஆண்டுப் போரின்போது ஊர் திரும்பிய எங்கள் பகுதி மாணவர் ஒருவர், அந்நாட்டவர் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி என்னிடம் கூறினார். அவர்கள் 'ஹி டீச்சர்' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்களாம், 'இஸ்' வருவதில்லை, 'எ' என்பதும் 'த' என்பதும் வருவதில்லை. ஏன் வரவேண்டும்? உக்ரேனிய மொழியில் 'அவர் ஆசிரியர்' என்பதற்கு நம்மைப் போலவே இரண்டு சொற்கள் போதும். ஆங்கிலத்தின் 'எ', 'த' போன்ற சுட்டுச் சொற்கள் அம்மொழியிலும் இல்லை. வேற்றுமை விகுதிகளும் அங்கே உண்டு. ஆதலால் சொற்களும் நம்முடையவை போலவே இடம்விட்டு இடம் உலவும். நாலாயிரம் கல் தொலைவிலிருக்கும் ஒரு மாணவன் நம் வத்திராயிருப்பு மாணவன் செய்யும் பிழையையே செய்கிறான் என்று கேட்டபோது எனக்கு வியப்பைவிட ஆறுதலே மிகுந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆங்கில வாக்கியத்துக்கும் தமிழ் வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர், ஆங்கிலம் கற்க வந்த தமிழரல்லர். தமிழ் கற்க வந்த வெளிநாட்டவர். 1838இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நம் திருவில்லிபுத்தூர் வட்டாரமும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலியைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆகவே அவரை எங்கள் பழைய மாவட்டத்தவர் என்று நான் உரிமை கொண்டாடுவதுண்டு. வடமொழியிலிருந்து திராவிட மொழிகள் வேறுபடும் இடங்களைப் பட்டியலிட்டபோது அவர் குறித்தவற்றுள் மூன்றை இங்கே நினைவூட்டுகிறேன். நம் மொழிகளில் ஆளும் சொல் ஆளப்படும் சொல்லுக்குப் பின்னே வருகிறது. உருபு பெயருக்கு முன்னே வராமல் பின்னே வருகிறது. 'எவன் விற்றானோ அவன்' என்று சுற்றிவளைக்காமல், 'விற்றவன்', 'விற்ற பையன்' என்று எச்சத்தாலேயே முடித்துவிடுகிறோம்.

இம்மூன்றும் தனித்தனிச் செய்திகளல்ல. ஒரே குணத்தின் மூன்று முகங்கள். நூறாண்டுக்குப் பின், 1963இல், ஜோசப் கிரீன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் உலகின் 30 மொழிகளை எடுத்து ஆராய்ந்து, வினை இறுதியில் வரும் மொழிகளில் உருபும் பெயருக்குப் பின்னரே வருதல் பெருவழக்கு என்று காட்டினார். அந்த முப்பதில் திராவிட மொழிகளின் பிரதிநிதியாக இருந்தது கன்னடம். தமிழ் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. இவ்வகையில் கன்னடத்துக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த மாணவர்க்கும் பொருந்தும்.

கால்டுவெல் கண்டது ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. அதுதான் என் பேச்சின் மையக் குறை. 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1854இல் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று ஆங்கிலக் கல்வி வேரூன்றிய கதை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது, அதை விரிக்கவில்லை. வகுப்பறையில் நடந்தது என்ன என்பதே எனக்கு வேண்டும். வகுப்பறையில் நெஸ்பீல்டு இருந்தார். அதாவது அவருடைய இலக்கண நூல்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த அந்நூல்கள் இந்தியா எங்கும் பரவின. 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் நூல் வந்தது. இந்த ரென் என்பவர் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். வீரதீரக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். அவர் கதைகளைப் படித்தவர் இன்று அரியர். இலக்கணத்தைப் படியாதவர் அரியர்.

அந்நூல்களின் முறை பகுப்பு முறை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, எழுவாய் எது, எழுவாயின் அடை எது, பயனிலை எது, அதன் விரிவு எது என்று கட்டம் போட்டுப் பிரிக்கச் சொல்வார்கள். தனிவாக்கியத்தைக் கலவை வாக்கியமாக மாற்று, செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்று என்பார்கள். முன்னமே கட்டப்பட்ட வீட்டைக் கழற்றிப் பார்க்கும் பயிற்சி இது. ஆங்கிலத்தைத் தாயிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது தகும். அவனிடம் வாக்கியம் இருக்கிறது, அதன் பெயர்தான் தெரியாது. நம் மாணவனுக்கோ பெயர் தெரிந்துவிட்டது, வாக்கியம் வரவில்லை. பெயர்ச்சார்பு உபவாக்கியம் எது என்று பிழையின்றிச் சுட்டிக்காட்டிவிட்டு, விடுப்புக் கடிதம் எழுதத் தெரியாமல் விழித்தவர்களை நான் அறிவேன்.

'அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் எழுதிய ஆங்கிலத்தை இன்று பட்டதாரியும் எழுதமாட்டார்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை ஓரளவு இருக்கிறது. ஆனால் அப்பெரியவர்களுக்கு ஆங்கிலம் வந்தது கட்டம் போட்டதனாலன்று. ஏனைய பாடங்களையும் ஆங்கிலத்திலேயே படித்தார்கள், பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தார்கள், மனப்பாடம் செய்தார்கள். மேலும், அவர்கள் சிலரே. தேர்வில் தவறிப் படிப்பை விட்டவர்களின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச இன்று ஆளில்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை தலைகீழாக மாறியது. எங்கள் பக்கத்து விருதுநகரைச் சேர்ந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். ஊர்தோறும் பள்ளிகள் திறந்தன. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளைகள் ஆயிரமாயிரமாக வகுப்பறையை நிரப்பினர். இவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம் இல்லை. ஏனைய பாடங்களும் தமிழில். ஆங்கிலம் நாளுக்கு ஒரு பாடவேளை மட்டுமே. அதைச் சொல்லித்தர வந்த ஆசிரியரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உரையாடிப் பழகாதவர். இத்தனை பேருக்கு, இத்தனை குறைந்த நேரத்தில், இந்த ஆசிரியரைக் கொண்டே ஆங்கில வாக்கியத்தைக் கொடுப்பது எப்படி?

விடை ஜப்பானிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? 1922இல் ஹெரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவுக்குச் சென்றார். பெயர்தான் பாமர், ஆளோ பெரும் புலவர். அவர் வழியில் அந்நாட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தவர் ஹார்ன்பி. ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையில் முடியும் மொழி. உருபு பெயருக்குப் பின்னே வரும் மொழி. ஆகவே நம் மாணவன் தடுக்கி விழும் இடத்திலேயே ஜப்பானிய மாணவனும் விழுவதை அவர்கள் கண்டனர். சொற்பட்டியலைக் கொடுத்துப் பயனில்லை, சொல் எந்தச் சட்டத்துக்குள் அமரும் என்பதைக் கொடுக்கவேண்டும் என்று உணர்ந்தனர். ஹார்ன்பியும் நண்பர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் அச்சான அகராதியில் ஆங்கில வினைச்சொற்கள் 25 வாக்கிய அமைப்புகளுக்குள் அடக்கிக் காட்டப்பட்டன. 1948இல் அதுவே ஆக்ஸ்போர்டு வெளியீடாகி, நம் கல்லூரி மாணவர் மேசைகளில் இன்றும் இருக்கும் அகராதியின் மூலமாயிற்று.

இந்த அமைப்பு வழிக் கல்விதான் 1950களில் சென்னை மாநிலப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. பாடநூல் இனிக் கதையால் தொடங்கவில்லை; அமைப்பால் தொடங்கியது. 'திஸ் இஸ் எ புக்' என்பது முதலமைப்பு. அதன்பின் 'தட் இஸ் எ ட்ரீ'. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே, 'ஐ ஆம் வாக்கிங் டு த டோர்' என்று சொல்லவேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிவதால் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது கருத்து. இதன் அருமையான கருவி பதிலீட்டு அட்டவணை. முதல் நிரலில் எழுவாய் 4, அடுத்ததில் வினை 3, மூன்றாவதில் செயப்படுபொருள் 5 என்று எழுதிவிட்டால், இடமிருந்து வலமாக எதனை எடுத்தாலும் சரியான வாக்கியம். 12 சொற்களிலிருந்து 60 வாக்கியங்கள்! பிழை செய்ய வழியே இல்லை. ஆங்கிலத்தில் தயக்கமுள்ள ஆசிரியருக்கும் கைத்தடியாக உதவியது இது. இதனை எள்ளி நகையாடுவோர் சிலர் உண்டு. நூறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் நின்று பார்த்தவர் எள்ளமாட்டார்.

ஆனால் புதிய முறையை ஆசிரியர்களுக்கு யார் கற்பிப்பது? 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. சென்னை மாநிலம் அதோடு நில்லாமல், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு பெருமுயற்சி ஒன்றில் இறங்கியது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது. அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று வேறு பலருக்குக் கொடுப்பது. அந்தப் பலர் இன்னும் பலருக்கு. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை இவ்வாறு மறுபயிற்சிக்கு உட்படுத்துவது நோக்கம். 1962இல் இங்கிலாந்தில் வெளியான ஆங்கிலக் கற்பித்தல் இதழ் ஒன்று இதைச் 'சென்னைப் பனிப்பந்து' என்று பெயரிட்டு எழுதியது. அக்காலத்தில் ஆசிரியர் பயிற்சித் துறையில் உலகமே திரும்பிப் பார்த்த செயல் இது.

பனிப்பந்து என்ற பெயர் பனி பெய்யும் நாட்டவர் வைத்தது. உருளும் பந்து பருத்துக்கொண்டே போகும் என்பது அவர்கள் கண்ட காட்சி. நாமோ கண்மாய்ப் பாசனத்தவர். மடை திறந்தால் தலைமடைக்கு நிறைந்த நீர்; கடைமடைக்குச் சேறும் ஈரமுமே. இம்முயற்சியில் இரண்டும் நடந்தன. எண்ணிக்கையில் பந்து பருத்தது. பொருளில் நீர் குறைந்தது.

1960களின் இறுதியில் நான் தொடக்கப்பள்ளிப் பிள்ளை, கடைமடையில் இருந்தவன். எங்கள் ஆசிரியர் அப்பயிற்சி பெற்றவர். கடமையில் குறை வைக்காதவர். புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பார். 'திஸ் இஸ் எ புக்' என்பார். நாங்கள் கூரை அதிரக் கூவுவோம். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, 'இது புத்தகம்' என்று தமிழில் யாரும் யாரிடமும் சொல்வதில்லையே என்று எனக்குள் ஓர் ஐயம் இருந்தது. கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தாலும் தமிழில்தான் கேட்டிருப்பேன். ஆங்கில வேளையில் தமிழ் கூடாது என்பது விதி. பயிற்சியின் தலைமடையில் 'கூடுமானவரை ஆங்கிலம்' என்று சொல்லப்பட்டது, கடைமடைக்கு வரும்போது 'தமிழ் பேசினால் பெஞ்சு மேல் ஏறு' என்று ஆகியிருந்தது. பின்னாளில் 1980களில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது அதே அட்டவணையை அட்டையில் வண்ண மையால் எழுதினேன். அப்போதும் அதில் ஒரு நிரல் தமிழுக்கு இருக்கவில்லை.

அமைப்பு முறைக்கு எதிரான வலிமை மிக்க வாதம் நம் பக்கத்திலிருந்தே எழுந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பல ஆண்டு அமைப்புப் பயிற்சிக்குப் பின்னும் வகுப்புக்கு வெளியே மாணவனிடம் அந்த வாக்கியம் தங்குவதில்லை என்பதை எடுத்துக்காட்டினார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் வாக்கிய அமைப்பு தானாக உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் என்று பெயர்பெற்ற முயற்சியில், தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் மாணவருக்கு வாக்கியத்தைக் கொடுக்காமல் வேலையைக் கொடுத்தார்: இரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று சொல், ஊர்ப் படத்தைப் பார்த்து வழி கூறு. 1987இல் அவர் எழுதிய நூல் உலகின் பல நாடுகளில் ஆசிரியர் பயிற்சிக்கு உரியதாயிற்று. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டத்தை ஒட்டி வந்த பாடநூல்களில் உரையாடலும் செயல்பாடும் மிகுந்திருப்பதற்கு இத்தகைய சிந்தனைகளும் பின்புலம்.

பிரபுவிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும், பொருளில் மனம் ஈடுபட்டால் வாக்கியம் தானே வரும் என்பது, ஆங்கிலம் நாள்தோறும் காதில் விழும் நகரத்துப் பிள்ளைக்கு உண்மையாகும் அளவுக்குக் கிருஷ்ணன்கோவில் பிள்ளைக்கு உண்மையாவதில்லை. நாற்பது நிமிடத்தில் எவ்வளவு படியும்? நெஸ்பீல்டு, பதிலீட்டு அட்டவணை, இரயில் அட்டவணை ஆகிய மூன்றிலும் ஒன்று பொதுவாக விடுபட்டிருக்கிறது. மாணவன் தன்னிடம் ஏற்கெனவே ஒரு முழு மொழியை வைத்துக்கொண்டு வருகிறான் என்பதே அது. கால்டுவெல் அதைத்தான் பார்த்தார்.

கரும்பலகையில் நான் செய்தது எளிய வேலை. 'பையன் கிருஷ்ணன்கோவிலில் மாம்பழம் விற்றான்' என்று தமிழில் எழுதுவேன். எழுவாயைச் சுற்றி வட்டமிட்டு, இது அசையாது என்பேன். மற்றவற்றைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்வேன்: விற்றான், மாம்பழம், இல், கிருஷ்ணன்கோவில். 'த பாய் சோல்ட் மேங்கோஸ் அட் கிருஷ்ணன்கோவில்.' உருபும் பெயரும்கூட இடம் மாறிக்கொள்வதைக் கவனியுங்கள். இனி, 'கிருஷ்ணன்கோவிலில் மாம்பழம் விற்ற பையன்' என்று எழுதுவேன். இங்கே எழுவாய்–பயனிலை இல்லை, எச்சத் தொடர். ஆகவே முழுவதையும் கடைசியிலிருந்து திருப்பவேண்டும். 'த பாய் ஹூ சோல்ட் மேங்கோஸ் அட் கிருஷ்ணன்கோவில்.' நடுவில் முளைத்த 'ஹூ' ஒன்றுதான் புதிது. பெயரெச்ச விகுதியின் வேலையை அது செய்கிறது.

இதற்கு விலக்குகள் உண்டு. 'நல்ல பையன்', 'என் புத்தகம்' போன்ற சிறு அடைகள் இரு மொழியிலும் முன்னேதான் நிற்கும், திருப்பினால் கெட்டுப்போகும். வினாவில் ஆங்கிலம் துணைவினையை முன்னே இழுக்கும். நமக்கோ 'நீயா விற்றாய்', 'மாம்பழமா விற்றாய்' என்று எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் ஓர் 'ஆ' போதும். 'எ', 'த' இரண்டையும் எந்தக் கண்ணாடியும் காட்டாது. அவற்றைப் படித்துப் படித்தே பழக வேண்டும். பேசும்போது இப்படித் திருப்பிக்கொண்டிருக்க நேரமும் இராது. எழுத உட்காரும் தொடக்க மாணவனுக்கு எங்கே தொடங்குவது என்பதை இது காட்டும். அதற்கு மேல் இதனிடம் கேட்கக் கூடாது.

ஒரு தொடரைத் தருகிறேன். வீட்டில் செய்து பாருங்கள். 'இராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை செய்யும் அண்ணனுக்கு எழுதிய கடிதம்.' கடிதத்தில் தொடங்கி இராஜபாளையத்தில் முடியவேண்டும். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்தபோது, பெரும்பாலோர் 'த லெட்டர் ரிட்டன் டு த பிரதர்' வரை வந்துவிட்டார்கள். அண்ணனை நூற்பாலைக்குள் அனுப்பும் இடத்தில்தான் தயங்கினார்கள். அங்கே ஒரு 'ஹூ' வேண்டும்.